அப்பாயி கொல்லைக்கு ஒரு படம்

எங்கள் ஊர் அரியலூர் பக்கம். அப்பாயிக்கு அங்கே ஒரு கொல்லை இருந்தது. கம்பும் பருத்தியும் மாறி மாறிப் போடுவார்கள். வரப்பில் நாலு பனைமரம். இப்போது அந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளம்தான் இருக்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது, "கொல்லை போட்டோ ஏதாவது இருக்கா அப்பாயி?" என்று கேட்டேன். "காட்டப் போயி யாருடா போட்டோ புடிப்பா?" என்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் நம் பக்கத்துப் பழைய படங்களைத் தேட ஆரம்பித்தேன். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள். சித்தப்பனும் அண்ணன் மகனும். 1792-93ல் தென்னாட்டைச் சுற்றி வந்து, திருச்சி மலைக்கோட்டையைக்கூட வரைந்திருக்கிறார்கள். லண்டன் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 படங்களை அச்சிட்டு வெளியிட்டார்கள்.

அச்சிட்ட விதம் சுவாரசியமானது. செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கி, அமிலத்தில் வைப்பார்கள். பொடி ஒட்டாத இடத்தை அமிலம் அரிக்கும். அரித்த பள்ளத்தில் மை தங்கும். ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும்.

படங்கள் அழகுதான். ஆனால் அவர்கள் தேடி வந்தது கோயிலும் கோட்டையும் மலையும். கம்பங்கொல்லைக்காக யார் கப்பல் ஏறி வருவார்கள்?

நம் தரங்கம்பாடியை 1620 முதல் வைத்திருந்து, 1845ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன டென்மார்க்கில் கதை வேறு. 1814லேயே நார்வேயையும் இழந்து சுருங்கிப்போன நாடு அது. 'நம் மண்ணையும் நம் மக்களையும் வரையுங்கள்' என்ற பேச்சு அங்கே 1840களில் பலமாக எழுந்தது. யோஹான் தாமஸ் லுண்ட்பி என்ற இளைஞர் சொந்த நாட்டு மாடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஓவியமாகவும் செப்புத் தகட்டிலும் வரைந்தார். 1848ல் போருக்குப் போன இடத்தில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்தபோது வயது 29தான். அந்த மாடுகள் இன்னும் காகிதத்தில் மேய்கின்றன.

என்னிடம் செப்புத் தகடும் இல்லை, அமிலமும் இல்லை. நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் கொல்லையை வரைந்து, அப்பாயியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தது.

"பனை நாலு இல்லடா, அஞ்சு. கெணத்து மேட்டுல ஒண்ணு நின்னுச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இடி உழுந்து போச்சு."

கிணறு எங்கே இருந்தது என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டியது. ஐந்தாவது பனையையும் வரைந்துவிட்டேன்.