எக்செக்குக்கு முன்னால் மட்டும்

"அண்ணே, நான் ஃபோர்க் பண்ணுன சைல்டைத்தானே வேற குரூப்புக்கு மாத்துறேன். ஏன் பெர்மிஷன் இல்லங்குது?"

மாட்டுங்காவில் இன்ஜினியரிங் படிக்கும் தாராவித் தம்பி கேட்டான். ரொம்ப நல்ல கேள்வி.

யூனிக்ஸில் ஒரு ப்ராசஸ் தன்னையோ தன் சைல்டையோதான் வேறு ப்ராசஸ் குரூப்பில் சேர்க்க முடியும். சைல்ட் எக்செக் செய்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். அதற்குப் பிறகு அங்கே ஓடுவது வேறு புரோகிராம். அதன் காலடியில் இருக்கும் குரூப்பை வெளியிலிருந்து உருவக் கூடாது. ஃபோர்க் ஆனதும் யார் முந்துவார் என்று தெரியாததால், ஷெல்லில் பேரன்ட், சைல்ட் இரண்டுமே குரூப்பை மாற்றும் செட்பிஜிஐடியை அழைக்கும். செஷன் லீடரை மட்டும் யாராலும் நகர்த்த முடியாது.

பலர் தடுமாறுவது சிக்னலில். ஒரே குரூப்பில் இருப்பதால் சிக்னல் அனுப்பும் அதிகாரம் வந்துவிடாது. கர்னல் பார்ப்பது யூசர் ஐடியைத்தான். குரூப் முழுவதற்கும் கில் அனுப்பினால், ஒரே ஒரு ப்ராசஸுக்குப் போய்ச் சேர்ந்தாலும் வெற்றி என்றே பதில் வரும். ரூட்டாக ஓடும் ப்ராசஸ் அசையாமல் அங்கேயே இருக்கும். கில் ஜெயித்தது என்று நம்பி நகராதீர்கள். பிஎஸ் போட்டுப் பாருங்கள். நின்ற ப்ராசஸை மறுபடி ஓடவைக்கும் சிக்கான்ட் சிக்னலுக்கு மட்டும் ஒரு சலுகை: ஒரே செஷன் என்றால் யூசர் வேறானாலும் போகும்.

ஜூஹூவின் என்சிஎஸ்டி மென்பொருள் மையமும் ஐஐடி பம்பாயும் 1986-இல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆய்வு நெட்வொர்க்குக்கு உழைத்த ஊர் நம் மும்பை. நம் பிள்ளைகள் கமாண்டை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல் கர்னலின் காரணத்தையும் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த வாரம் செம்பூரில் சிக்டிடிஐஎன் என்ற சிக்னலைப் பார்க்கிறோம். கேள்வி இருப்பவர்கள் வாங்க.