பழங்கற்படி

பிரதி என்ற சொல்லை நம் விமர்சகர்கள் படைப்புக்கு மாற்றுச் சொல்லாக்கி, அதன் பழைய அர்த்தமான நகலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு லினக்ஸ் ஸர்வர் செத்துப்போனபோது எனக்கு அந்தப் பழைய அர்த்தம் திரும்ப வந்தது.

தென்னேரியில் நண்பர் ஒருவர் வீட்டில், தறிக்குழிக்கு அடுத்த அறையில், அது ஓடிக்கொண்டிருந்தது. நின்றுபோன சிறுபத்திரிகைகளின் பக்கப் படங்களும் அவற்றின் அட்டவணையும் அதில் இருந்தன. ஒரு நாள் வட்டு படிக்க மறுத்தது. நண்பர் கலங்கவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தானாகவே அட்டவணையை நகலெடுக்கும் ஏற்பாடு இருந்தது. தேதியிட்ட கோப்புகள் வேறொரு வட்டில் வரிசையாக நின்றன. திறந்து பார்த்தால், கடைசி எட்டு மாதக் கோப்புகள் ஒவ்வொன்றும் வெறும் 20 பைட். ஒன்றுமில்லாததை ஜிஜிப் சுருக்கினால் மிஞ்சுகிற அளவு அது. தகவல்தளத்தின் கடவுச்சொல் மாறியதை நகலெடுக்கும் நிரலுக்கு யாரும் சொல்லவில்லை. இரவுதோறும் வெற்று உறையை ஒட்டித் தேதி போட்டு வைத்திருக்கிறது இயந்திரம்.

பழுதான வட்டில் எதையும் எழுதாமல், டிடிரெஸ்க்யூ கொண்டு, படிக்க முடிந்த பகுதிகளை முதலிலும் முரண்டு பிடித்தவற்றைப் பிறகுமாகப் புதிய வட்டுக்கு மாற்றினோம். படங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. அட்டவணை வரவில்லை. எட்டு மாத வேலையை, பக்கங்களைப் படித்துப் படித்து, மறுபடி எழுத வேண்டியிருந்தது.

இது கிராமத்துக் குறை அல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தவறான ஸர்வரில் சுமார் 300 ஜிகாபைட் தரவை அழித்துவிட்டார். காப்புக்கென்று இருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் நம்பும்படி இல்லை. நகலெடுப்பு தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வேறு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது.

வங்கியில் பெட்டக இருப்பைப் பதிவேடு சொல்வதோடு விடுவதில்லை. சாவி வைத்திராத ஓர் அதிகாரி முன்னறிவிப்பின்றி வந்து ரொக்கத்தை எண்ணுவார். நகலுக்கும் இந்த அவநம்பிக்கை தேவை. வேறொரு இயந்திரத்தில் மீட்டுப் படித்துப் பார்க்காத நகல், இருப்பதாக எழுதிவைத்த பணம்.

வேலூர் அருகே திருவல்லம் கோயிலில் நந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, மண்டபத்தை இடித்துக் கட்டியபோது மறுபடி பொறிக்கப்பட்டது. பழைய கல்லின் படி தான் என்பதை அதுவே சொல்கிறது. கல்லை இடிக்குமுன் அதைப் படியெடுக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள்.

நம்மிடம் இன்று சேகரம் பெருகியிருக்கிறது. பழைய இதழ்களைப் பி.டி.எஃப்.களாக வட்டு வட்டாக மாற்றிக்கொள்கிறோம். வைத்திருக்கிற நிம்மதியில் படிப்பதை விட்டுவிடுகிறோம். எட்டு மாதமாக அந்த 20 பைட்டை யாரும் கவனிக்காததற்கும், ஒரு முக்கியமான கவிஞரின் எந்தக் கவிதை எந்த இதழில் முதலில் வந்தது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்பதற்கும் காரணம் ஒன்றுதான். நண்பர் இப்போது மாதம் ஒருமுறை நகலை மீட்டு, ஏதாவது ஓர் இதழைத் திறந்து முழுக்கப் படிக்கிறார்.