வாளியும் தண்ணீரும் ஒரு கணக்கும்

கண்டியிலிருந்து கலஹா போகும் பஸ், பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகத்தான் போகும். நான் சமூகவியல் படித்த இடம் அது. கடந்து போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். அன்று ஒரு சனிக்கிழமை. அப்படிப் பார்த்துக்கொண்டே நான் போனது, ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவது பற்றிப் பேசுவதற்காக.

"மிஸ், மகள் இனிப் படிக்க ஏலாதாம். டவுன்ல எங்கயாவது கடையில ஒரு வேலை பார்த்துத் தாங்கோ" என்று முதல் நாள் அந்த அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் உயிருக்குப் பயந்து கிளிநொச்சிக்குப் போனார்கள். அக்கா அங்கேதான் பிறந்து, வளர்ந்து, மணமுடித்தார். 2009இல் கணவரை இழந்தார். இரண்டு வயது மகளோடு மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, மறு ஆண்டு மாமன் வீட்டைத் தேடி மீண்டும் மலைக்கே வந்தார். இப்போது கொழுந்து பறிக்கிறார். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. தோட்டங்களுக்குப் பக்கத்தில் தமிழில் அந்தப் பிரிவு உள்ள பாடசாலைகள் மிகக் குறைவு என்பதால், அதிகாலையில் எழுந்து இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

நான் போனபோது அவள் லயத்துத் திண்ணையில் பௌதிகவியல் ரியூட்டோடு உட்கார்ந்திருந்தாள். தாளில் எழுதியதைவிட வெட்டியதுதான் அதிகம்.

"ரியூசனுக்குக் காசில்லை மிஸ். வகுப்பில எல்லாரும் செய்யிறாங்க. எனக்கு மட்டும் வராது. அம்மாவும் எத்தனை நாளைக்குக் கஷ்டப்படுறது?" என்றாள். அழவில்லை. முடிவெடுத்தவர்கள் பேசுவது போலப் பேசினாள்.

எனக்கு உள்ளே சுருக்கென்றது. சாதாரண தரத்தில் எனக்கும் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக வந்தன. பக்கத்தில் வகுப்பு இல்லை என்பதால் கலைப்பிரிவுக்குப் போனேன். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்று யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சரி, வேலையைப் பற்றிப் பிறகு கதைப்போம். எந்தக் கணக்கு வரவில்லை என்று முதலில் காட்டு" என்றேன்.

கணக்கு இதுதான். நீருடன் சேர்த்து 2 கிலோகிராம் திணிவுள்ள ஒரு சிறு வாளி. அதை 0.9 மீற்றர் ஆரையுள்ள நிலைக்குத்து வட்டத்தில் கயிற்றில் கட்டிச் சுற்ற வேண்டும். மேலே போகும்போது தண்ணீர் சிந்தாமல் வட்டம் முழுமையாக வேண்டுமானால், மிகக் கீழே இருக்கும்போது வாளிக்கு ஆகக் குறைந்தது எவ்வளவு கதி வேண்டும்?

அவளுக்கு வந்த விடை செக்கனுக்கு 6 மீற்றர். ரியூட்டின் பின்பக்கத்தில் இருந்ததோ 6.7. நான்கு தடவை செய்தும் 6தான் வந்திருந்தது.

எனக்குச் சூத்திரம் எதுவும் நினைவில்லை. ஆனால் வீடு வீடாகப் போகும் எங்கள் தொழிலில் ஒன்று பழகியிருக்கிறது: தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, முதலிலிருந்து கேட்பது. "நீ என்ன செய்தாய் என்று எனக்கு விளங்கச் சொல்" என்றேன். கீழே உள்ள இயக்க சக்தி, மேலே போகும்போது அழுத்த சக்தியாக மாறுகிறது என்று விளக்கினாள். "மேலே போய்ச் சேர்ந்ததும் கதி பூச்சியம் மிஸ். மேல எறிஞ்ச பந்து மாதிரி."

அடுப்படியில் இருந்த அக்கா வெளியே எட்டிப் பார்த்தார். "மேலே வாளி நிண்டால் தண்ணி தலையிலதான் கொட்டும். நாங்கள் சின்னனில கிணத்தடியில சுத்தி விளையாடினதுதானே" என்றார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

மூவரும் பீலியடிக்குப் போனோம். அக்கா சின்ன வாளியில் அரைவாசி தண்ணீர் பிடித்து, கையை நீட்டி ஒரே வீச்சில் சுற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மகள் பயந்து பயந்து மெதுவாகச் சுற்றினாள். தண்ணீர் அப்படியே தலையில். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் அக்கா சத்தமாகச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

"மேலே போகும்போது கை இழுக்காது பிள்ளை. கீழே வரும்போதுதான் இழுக்கும்" என்றார் அக்கா.

திரும்பி வந்து கணக்கில் உட்கார்ந்தோம். மேலே வாளி கவிழ்ந்திருக்கும் கணத்தில் தண்ணீர் விழத்தான் பார்க்கிறது. ஆனால் போதிய கதி இருந்தால், தண்ணீர் பிரிந்து விழுவதற்குள் வாளியும் அதனோடு சேர்ந்தே வளைந்து கீழே வந்துவிடுகிறது. வட்டத்தில் திருப்புவதற்கு வேண்டிய மையநாட்ட விசையை அந்த இடத்தில் நிறையே கொடுத்துவிட்டால், அதுதான் ஆகக் குறைந்த கதி. அப்போது கதியின் வர்க்கம், ஈர்ப்பு ஆர்முடுகலை ஆரையால் பெருக்கியதற்குச் சமம்: 10 × 0.9 = 9. ஆகவே உச்சியில் செக்கனுக்கு 3 மீற்றர் வேண்டும். பூச்சியம் அல்ல.

கீழே இருந்து மேலே 1.8 மீற்றர் உயர வேண்டும். அதற்கு 36ஐக் கூட்ட வேண்டும். 9உம் 36உம் 45. அதன் வர்க்கமூலம் 6.7. அவள் தவறவிட்டது அந்த 9ஐ மட்டுந்தான்!

பிறகு அவளாகவே அடுத்த பகுதியையும் செய்தாள். கீழே கயிற்றின் இழுவை 120 நியூற்றன். மேலே பூச்சியம். "அம்மா, ரெண்டு கிலோ வாளி கீழே வரும்போது பன்னிரண்டு கிலோ மாதிரி இழுக்குமாம். நீங்க சொன்னது சரி" என்றாள். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"பெரஹெராவில தீப்பந்து சுத்துற ஆக்களும் இதைத்தானே செய்யிறாங்க மிஸ்?" என்று கேட்டாள். ஆம், ஒவ்வோர் ஆண்டும் எசல பெரஹெராவில், சங்கிலியில் எரியும் பந்தைத் தலைக்கு மேலாகச் சுழற்றுகிறவர்களின் கைக்கும் இந்தக் கணக்குத் தெரியும்.

ஒரு கணக்கு வந்ததும் வாழ்க்கை மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பஸ் காசு இன்னமும் பிரச்சினைதான். ஆனால் திங்கட்கிழமை அவள் பாடசாலைக்குப் போனாள். எனக்குத் தெரிந்த ஒரு பல்கலைக்கழக மாணவி சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். கடை வேலைக்காக நான் யாரிடமும் பேசவில்லை. பேசியிருந்தால் அதையும் ஓர் உதவியாக என் பதிவேட்டில் எழுதியிருப்பேன். அதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

சகோதரிகளே, யுத்தம் எங்களில் பலரின் படிப்பைப் பாதியில் நிறுத்தியது. அதனால் பிள்ளைகளின் புத்தகத்தைக் கண்டதும் "எனக்கென்ன தெரியும்" என்று விலகி விடுகிறோம். விலக வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். "நீ என்ன செய்தாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்கே பிழைத்தது என்று சொல்லும்போதே பிள்ளை கண்டுபிடித்துவிடக்கூடும். சில வேளை, கிணற்றடியில் நீங்கள் விளையாடிய விளையாட்டே அந்தக் கணக்காக இருக்கவும் கூடும்.