கீழ்மாடியில் ஒரு அறை

நுவரெலியா போவதென்றால் யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு முதல் கவலை குளிர்தான். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். சுவெட்டர், குரங்குத் தொப்பி, சித்தாலேப எல்லாம் பையில் ஏறிவிடும். ஆனால் வயசான ஆக்களோடு போகும்போது கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. எத்தனை படி? கொமோட் இருக்கா? சுடுதண்ணி எந்த நேரமும் வருமா? இந்த மூன்றையும் நாங்கள் ரெலிபோனில் கேட்டோம். அம்மம்மாவுக்கு 82 வயசு, இரண்டு முழங்காலும் ஏலாது. பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இன்னும் சரியாக வரவில்லை. "பிரச்சினையே இல்லை, கீழ்மாடியில ரெண்டு ரூம் தாறம்" என்று சொல்லி அட்வான்சும் வாங்கினார்கள்.

ஹொட்டேலின் பேரை எழுதவில்லை. எழுதினால் அடி முதலாளிக்கு விழாது, அங்கே நின்று வேலை செய்கிற பெடியளுக்குத்தான் விழும்.

விடிய நாலு மணிக்கு வானில் வெளிக்கிட்டு, தம்புள்ள, கண்டி, றம்பொட வளைவுகள் எல்லாம் சுற்றிப் பின்னேரம் போய் இறங்கினோம். கவுண்டரில் இருந்த மனேஜர் சிரித்த முகத்தோடு சொன்னார், கீழ்மாடி அறைகளை ஒரு கல்யாணப் பகுதிக்குக் கொடுத்தாச்சாம். இரண்டாம் மாடியில் வியூ நல்லா இருக்குமாம். லிப்ற் இல்லை. 34 படி, நாங்கள் எண்ணினோம். (வியூ என்றது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணித் தாங்கிகள்.)

வாக்குவாதப்பட்டுப் பார்த்தோம். கடைசியில் இரண்டு பெடியள் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து அம்மம்மாவை அதில் இருத்தித் தூக்கினார்கள். 1995 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தால் தன்ர மாமியாரைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனவ அம்மம்மா. கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. பெரியப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி முடிக்க அரை மணித்தியாலம்.

குளியலறை வாசலில் அரையடி உயரத்துக்கு ஒரு கட்டு, உள்ளே வழுக்குகிற மாபிள், பிடிக்க ஒரு கம்பியும் இல்லை. சுடுதண்ணி காலையில் ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தானாம். அதையெல்லாம் சமாளித்திருப்போம். இரவுச் சாப்பாட்டில் அம்மம்மா சூப்பைத் தொடவில்லை, தேத்தண்ணியும் வேண்டாம் என்றா. பின்னேரத்திலிருந்து ஒரு மிடறு தண்ணி கூடக் குடிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

"தண்ணி குடிச்சா இரவில எழும்போணும். எழும்பினா உங்களில ஒராளை எழுப்போணும். என்னாலதான் பிள்ளையள் எல்லாருக்கும் கரைச்சல். என்னை வீட்டில விட்டிட்டு வந்திருக்கலாம்."

எங்களுக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். வாக்குக் கொடுத்து மாற்றினவர் கீழே சிரித்துக்கொண்டு இருக்கிறார். பிழை செய்த ஆளைப்போல மன்னிப்புக் கேட்கிறது அம்மம்மா.

அடுத்தநாள் காலைச் சாப்பாடு கீழே, ஒன்பதரை வரைக்கும். கோப்பையில் போட்டு மேலே கொண்டுபோக விடமாட்டோம் என்றார்கள். அதே பெடியன்களில் ஒருவன் துவாயால் மூடி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தான், ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணியும். "பாட்டி, மெதுவா சாப்பிடுங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க." இராகலைப் பக்கத்துத் தோட்டம் அவனுக்கு. லயத்தில் தன் பாட்டியும் இப்படித்தான், படி இறங்கமாட்டாமல் வீட்டுக்குள்ளேயே என்றான். இரண்டு நாளில் எங்களோடு கதைத்ததைவிட அம்மம்மா அவனோடுதான் கூடக் கதைத்தா.

சீதா எலிய கோயிலுக்கு என்று நேர்ந்துதான் அவ இந்தப் பயணத்துக்கே வெளிக்கிட்டது. "ஒருக்கா இறங்கினா திரும்ப ஏறோணும், நீங்கள் போட்டு வாங்கோ" என்றுவிட்டா. நேர்த்திக் காசை எங்களிடம் தந்துவிட்டா. ஐந்து கிலோமீற்றர்கூட இல்லாத தூரம்.

பில்லில் சேவைக் கட்டணம் 10 வீதம் போட்டிருந்தது. என்ன சேவைக்கு என்று கேட்டோம். "சிஸ்ரத்தில தானா வரும்" என்றார் மனேஜர். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டடங்களில் எல்லோரும் போய்வர வசதி இருக்கவேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. அதைச் சொன்னபோதும் அதே சிரிப்புத்தான். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைப்போம் என்றதும்தான் முகம் மாறி, ஒரு அறையின் ஒருநாள் வாடகையைக் குறைத்தார். முறைப்பாட்டை நாங்கள் விடவில்லை, எழுத்தில் அனுப்பினோம். அட்வான்ஸ் ரசீதும், கீழ்மாடி என்று அவர்கள் உறுதிசெய்து அனுப்பிய வட்ஸ்அப்பும் கையில் இருந்ததால் எழுதுவது சுலபம். ரெலிபோனில் சொன்னதோடு நின்றிருந்தால் ஒன்றும் மிஞ்சியிராது.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினபோது அம்மம்மா ஒரு திருத்தம் சொன்னா. "அந்தப் பெடியன் நல்லவன் எண்டும் போடுங்கோ." சாப்பாடு கொண்டுவந்ததைப் போட்டால் அவன் வேலைக்கே ஆபத்து என்று விளங்கப்படுத்தினோம். அப்ப வேண்டாம் என்றா.

ஓகஸ்ற் லீவுக்கு எங்கே போவோம் என்று போனகிழமை கேட்டோம்.

"கசூரினா எண்டா வாறன். அங்க படி இல்லை."