கடைசியில் வருபவளுக்கும் ஒரு பாதை

பத்தாம் வகுப்பு மாணவி, புவனகிரி

காடு என்ற சொல்லைக் கேட்டதும் நம் நெஞ்சில் முதலில் எழுவது அச்சமே. புலியும் பாம்பும் செங்குத்தான மலையும் வழி தெரியாத இருளும் கண்முன் நிற்கும். காலில் வலு உள்ளவர்க்கே காட்டில் வேலை, மற்றவர்கள் படத்தில் பார்த்து மகிழ வேண்டியதுதான் என்று பலரும் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் சரியன்று என்பதைக் காலாண்டு விடுமுறைச் சுற்றுலாவில் எங்கள் வகுப்பு மாணவியர் அனைவரும் நடந்தே அறிந்துகொண்டோம்.

எங்கள் புவனகிரி சமவெளி ஊர். ஏற்றம் என்று நாங்கள் அறிந்ததெல்லாம் ஆற்றங்கரை மேடும் வெள்ளாற்றுப் பாலமுந்தான். ஆயினும் எங்களுக்கு அருகில் காடு இல்லாமல் இல்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கடலோரத்தில் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு பரந்து கிடக்கிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரம் இன்றும் அங்கே வளர்கிறது. சுரபுன்னை மரங்கள் ஊன்றுகோல்களைப் போன்ற வேர்களால் சேற்றைப் பற்றி நிற்கின்றன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது தம் பின்னால் இருந்த சிற்றூர்களை அலையின் வேகத்திலிருந்து காத்தவை இம்மரங்களே. 2022ஆம் ஆண்டு இக்காடு உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் அது படகில் அமர்ந்து காண வேண்டிய காடு. எங்களுக்கோ மண்ணில் கால் பதித்து மரநிழலில் நடக்க வேண்டும் என்று ஆசை. ஆகவே கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தோம்.

பெயர்ப் பட்டியல் எழுதும் நாளில்தான் சிக்கல் எழுந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குச் சிறு வயதில் அடிபட்டதால் இடது கால் சற்றே குட்டை. மேடு பள்ளங்களில் விரைந்து நடக்க அவளால் ஆகாது. "மலையும் காடும் அவளுக்கு எதற்கம்மா? வீட்டிலேயே இருக்கட்டும்" என்று பெரியவர்கள் சிலர் அன்பாகவே சொன்னார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. கொண்டு வந்திருந்த பணத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைக் கண்ட எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை. எல்லோரும் வகுப்பாசிரியையான அருட்சகோதரியிடம் சென்று, "சிஸ்டர், அவள் வராவிட்டால் எங்களுக்கும் சுற்றுலா வேண்டாம்" என்றோம். அவர் சினம் கொள்ளவில்லை. "முதலில் பாதைகளைப் பற்றித் தெரிந்துகொண்டு வாருங்கள். யார் வருவது என்பதைப் பிறகு பேசலாம்" என்றார்.

அன்று முதல் போய் வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தோம். எத்தனை மைல் என்று மட்டும் கேட்டால் போதாது என்பது விரைவில் விளங்கிற்று. தரை எப்படிப்பட்டது? இறக்கம் எவ்வளவு? இறங்கிய வழியே மீண்டும் ஏற வேண்டுமா? நடுவில் உட்கார இடம் உண்டா? பாதி வழியில் திரும்ப முடியுமா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் எந்தப் பாதை யாருக்கு ஏற்றது என்பது தானே தெரிந்துவிடுகிறது. எங்கள் குறிப்பேட்டைப் படித்துப் பார்த்த சிஸ்டர், எங்கள் தோழியின் தாயாரை வரவழைத்துப் பேசிச் சம்மதம் பெற்றார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: முன்னால் நடப்பவள் அவளே, அவளைத் தாண்டி எவரும் செல்லக் கூடாது.

முதலில் ஏரிக்கரைக்குச் சென்றோம். 1863ஆம் ஆண்டு லெவிஞ்ச் என்னும் ஆங்கில அதிகாரி ஓடையைத் தடுத்து அமைத்த ஏரி அது. சுற்றி வர ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். பாதை சமமானது, பாட்டிமாரும் குழந்தைகளும் அஞ்சாமல் நடக்கலாம். களைத்தவர்கள் எந்த இடத்திலும் நின்றுகொள்ளலாம். அடுத்து, 1872ஆம் ஆண்டு கோக்கர் என்பவர் மலை விளிம்பில் அமைத்த நடைபாதை. ஒரு கிலோமீட்டர் அளவே நீளம். கீழே பள்ளத்தாக்கில் மேகங்கள் வெண்பஞ்சுபோல் மிதந்த காட்சியை என்னென்பது! சூரியன் நம் முதுகுப்புறமும் மூடுபனி எதிரிலும் இருந்தால், நம் நிழலே வானவில் வளையத்துடன் பனியின்மேல் விழுவது அங்கு எப்போதாவது காணக் கிடைக்குமாம். எங்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

மூன்றாவதாகப் பைன் மரக் காடு. 1906ஆம் ஆண்டு பிரயண்ட் என்பவர் நடச் செய்தவை அம்மரங்கள். தூண்களைப்போல் வரிசையாக நிற்கும் அவற்றின் அடியில் புல்பூண்டு அதிகமில்லை. உதிர்ந்த ஊசி இலைகளே மெத்தைபோல் கிடக்கின்றன. மெத்தைதானே என்று வேகமாக இறங்கினால் சறுக்கிவிடும். வேர்களும் தரைக்கு மேலே புடைத்து நிற்கும். எங்கள் தோழி ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். அவள் கால் வைத்த இடத்திலேயே நாங்களும் வைத்தோம். ஒருத்திகூட விழவில்லை. "பதறாத காரியம் சிதறாது" என்ற பழமொழியின் பொருள் அன்று புரிந்தது.

மறுநாள் காலை வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்குச் செல்லும் வழி. பள்ளத்தாக்கின்மேல் நீண்டு நிற்கும் தட்டையான பாறை அது. வழியோ செங்குத்தான இறக்கம். கல்லும் வேருமே படிகள். இறங்குவது எளிது, திரும்ப ஏறுவதே கடினம். சற்றுத் தூரம் சென்றதும் எங்கள் தோழி தானே நின்றாள். "எனக்கு இது போதும். நீங்கள் போய் வாருங்கள், எனக்குக் கதை சொல்லுங்கள்" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளே முடிவு செய்தாள். ஆகவே அவள் முகத்தில் வாட்டம் இல்லை. சிஸ்டரும் எங்களில் இருவரும் அவளுடன் மரத்தடியில் தங்கினோம். மற்றவர்கள் ஆசிரியைகளுடன் இறங்கி, விளிம்புக்குச் செல்லாமல் தள்ளி நின்று பாறையைப் பார்த்துத் திரும்பினர்.

அவர்கள் பேச்சொலி மறைந்ததும் காடு அமைதியாயிற்று. பாசி படர்ந்த கிளைகளிலிருந்து நீர் சொட்டியது. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு ஓடைகளுக்குச் சிறிது சிறிதாகத் தருவது சோலைக்காட்டின் இயல்பு என்று சிஸ்டர் விளக்கினார். அப்போது யாரோ சிறுவன் சீழ்க்கை அடிப்பதுபோல் ஓர் ஒலி கேட்டது. திரும்பிப் பார்த்தோம், ஒருவரும் இல்லை. சீகாரப் பூங்குருவி! கருநீல நிறப் பறவை ஓடைக் கல்லின்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தது. முதலில் அதைக் கண்டவள் எங்கள் தோழிதான். மூச்சிரைக்க ஏறி வந்தவர்கள் பாறையின் கதையைச் சொன்னார்கள். அவள் பறவையின் கதையைச் சொன்னாள். இரண்டில் எது பெரிது என்று யாராலும் கூற இயலவில்லை.

தோழியரே! எளிய பாதை என்பது தரையை மட்டும் பொறுத்ததன்று. உடன் நடப்பவர்களையும் பொறுத்தது. மெதுவாக நடப்பவளை முன்னே விடுங்கள். எங்கே நிற்பது என்பதை அவளே சொல்லட்டும். தண்ணீர்ப் புட்டியையும் மிட்டாய்த் தாளையும் காட்டில் எறியாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவிற்குப் பெயர் எழுதும்போது, யாரை விட்டுவிடலாம் என்று எண்ணாமல், எல்லோரும் நடக்கக்கூடிய பாதை எது என்று தேடுங்கள். எங்கள் குறிப்பேடு வகுப்பு அலமாரியில் இருக்கிறது. அடுத்து வரும் தங்கைகள் அதை எடுத்துக்கொள்ளலாம்.