பட்டை வாடை

இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. பேராசிரியர் ஒருவர் ஆங்கில நாளேட்டில் மதுவைப் பற்றிப் பத்தி எழுதினால் அவர் ரசனைக்காரர். நாம் எழுதினால் 'இவனுங்க புத்தி எங்க போகும்' என்பார்கள். சேரி என்றாலே சாராயம் என்று படம் எடுத்துப் பழகிய ஊர் இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் செத்தபோது, விற்றவனை விட்டுவிட்டுச் செத்தவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் என்பதையும் பார்த்தோம். கடைசியில் 'எழுதுங்க' என்று சொன்னவர் எங்களில் குடிக்காதவர்தான்.

மனித உரிமைக் கூட்டம் ஒன்றுக்காகச் சென்ற நவம்பரில் நாங்கள் மூவர் பிரஸ்ஸல்ஸ் போயிருந்தோம். ஒருவர் அண்ணன், அம்பேத்கர் 1956-இல் நாக்பூரில் தந்த 22 உறுதிமொழிகளையும் ஏற்றவர். அவற்றில் ஒன்று மது அருந்தமாட்டேன் என்பது. இன்னொருவர் ஆம்பூர்ப் பக்கத்துத் தோழி. அவர் அப்பா முப்பது வருடம் டேனரியில் வேலை பார்த்தவர். கூட்டத்தின் இடைவேளையில் நாங்கள் கள்ளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பானையில் இறங்கும் பதநீர், சுண்ணாம்பு தடவாவிட்டால், யாரும் எதுவும் போடாமலே சில மணி நேரத்தில் தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும் என்று சொன்னதைக் கேட்ட பெல்ஜியத் தொழிற்சங்கத் தோழர் ஒருவர், "எங்க ஊர்லயும் அப்படி ஒன்னு இருக்கு, வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

மிடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கிறது காண்டியோன் என்ற சிறிய மதுவடிப்பாலை. 1900-இல் தொடங்கிய குடும்பத் தொழில். வெளியே இருந்து பார்த்தால் பழைய கிடங்கு மாதிரி இருக்கிறது. மேல்மாடியில், கூரைக்கு அடியில், ஆழமில்லாத அகன்ற செம்புத் தொட்டி. கொதிக்கவைத்த தானியச் சாற்றை அதில் ஊற்றி இரவு முழுக்க ஆறவிடுகிறார்கள். காற்று உள்ளே வர வழி விட்டிருக்கிறார்கள். காற்றிலும் மரத்திலும் உள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து விழுந்து வேலையைத் தொடங்குகின்றன. பிறகு மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் கிடக்கும். குளிர்மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும். சிலந்தி வலைகளைக் கலைப்பதில்லை. பழ ஈக்களை அவை பிடித்துத் தின்னுமாம். அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார்: "நம்ம வீட்டுல இப்படி இருந்தா சுத்தமில்லாதவங்கன்னு சொல்லிருப்பாங்க."

அந்தத் 'சுத்தம்' என்ற சொல்லுக்கு பீரின் வரலாற்றில் ஒரு தேதியே உண்டு. 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பெரிய ஆலைகள் தூய ஈஸ்டுக்கு மாறின. மற்றதெல்லாம் 'காட்டு' ஈஸ்ட், கலப்படம், ஆகாதது. 1904-இல் அதே கார்ல்ஸ்பெர்க்கில் நீல்ஸ் கிளாசன் என்பவர், ஆங்கில பீர்களின் தனி மணத்துக்குக் காரணமான ஈஸ்டைப் பிரித்துக் காட்டி, பிரெட்டனோமைசிஸ், அதாவது பிரிட்டன் பூஞ்சை, என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் ஒயின் செய்கிறவர்கள் பலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நடுக்கம். தூய்மை, தீட்டு என்று பேசத் தொடங்கினால் நமக்குக் கை பரபரக்கும். ஆனால் ஈஸ்டையும் மனிதரையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவது எங்களுக்குப் பிடிக்காத வேலை. மேலே போகிறோம்.

தோழர் வாங்கியது 'ஐரிஸ்' என்ற வகை. பிரஸ்ஸல்ஸின் அடையாளமான பூவின் பெயர். இந்த ஊர்ப் புளிப்பு பீர்களில் வழக்கமாகக் கோதுமை உண்டு. ஹாப் பூவைப் பழசாக்கி, கசப்புப் போனபின் போடுவார்கள். இதில் கோதுமை கிடையாது, பார்லி மால்ட் மட்டும். பழைய ஹாப்போடு புது ஹாப்பும் சேர்த்து, பாட்டிலில் அடைக்கும் முன் இன்னொரு முறை பச்சையாக ஊறப்போடுகிறார்கள். ஒரு பாட்டிலின் விலை எங்கள் ஊரில் நூறுநாள் வேலையின் மூன்று நாள் கூலியைத் தாண்டும். அண்ணன் முன்னாலும் ஒரு கண்ணாடிக் குவளையை வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குவளை. இதையெல்லாம் கவனிக்கிற பழக்கம் நமக்கு எந்த ஊருக்குப் போனாலும் விடுவதில்லை.

குடித்தோம். முதலில் புளிப்பு, பல் கூசுகிற அளவுக்கு. அடுத்து பம்ப்ளிமாஸ் தோலைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு. இனிப்பு கொஞ்சமும் இல்லை. விழுங்கிய பிறகுதான் அந்த வாசனை மேலே வந்தது. ஈர வைக்கோல், மாட்டுத்தொழுவம், தோல்.

"என்ன தெரியுது?" என்று கேட்ட தோழர், இந்த வகை பீருக்கு ரசிகர்கள் பயன்படுத்தும் சொற்களை உற்சாகமாக அடுக்கினார். குதிரைப் போர்வை. தொழுவம். ஆடு. பழந்தோல். எல்லாமே பாராட்டு. மொத்தத்துக்கும் ஒரே சொல்லில் 'ஃபங்கி' என்பார்களாம்.

ஆம்பூர்த் தோழி குவளையைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஆறாவது படிக்கும்போது என் பெஞ்சுல யாரும் உக்கார மாட்டாங்க. அப்பாகூட சைக்கிள்ல போவேன், அவர் சட்டை வாடை என் யூனிஃபார்ம்ல ஒட்டிக்கும். டீச்சர் ஜன்னலோரமா தனியா உக்காரச் சொன்னாங்க. அம்மா தினமும் ரெண்டு தடவ சோப்பு போட்டுத் துவைப்பாங்க. இதே வாடைதான். இங்க இதுக்குக் காசு குடுக்குறாங்க."

பெல்ஜியத் தோழருக்கு மொழிபெயர்த்தோம். அவர் முகம் மாறிவிட்டது, பாவம்.

'ஃபங்க்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் நாற்றம் என்றுதான் பொருள். அமெரிக்காவில் அது கறுப்பினத்தாரின் உடல்மேல் வீசப்பட்ட சொல். வியர்வை நாற்றம், கூட்டமான அறையின் நாற்றம். நியூ ஆர்லியன்ஸின் பட்டி போல்டன் போன்ற கறுப்பின இசைக்கலைஞர்கள் அதைத் தங்கள் பாட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஜாஸ்காரர்களின் வாயில் அது பாராட்டானது. ஜேம்ஸ் பிரவுன் காலத்தில் ஓர் இசை வகைக்கே பெயரானது. பீர் ரசிகர்களின் வாய்க்கு அது வந்தது அதற்கெல்லாம் பிறகு. குவளையைத் தூக்கி 'ஃபங்கி' என்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதைப் பேசியபோது பறை நினைவுக்கு வந்தது. சாவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கருவியை இன்று கல்லூரி மேடையில் நிமிர்ந்து நின்று அடிக்கிறோம். "சரி, அதுல கட்டியிருக்கற தோல உரிச்சு, ஊறவெச்சு, மயிர் நீக்கித் தந்தவரோட வாடைய என்ன பண்ணினோம்?" என்று தோழி கேட்டார். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை. பறை வகுப்புக்கு வரும் சில பிள்ளைகள் வார் இழுக்கும்போது மூக்கைப் பொத்துவது எங்களுக்கும் தெரியும். நாங்களும் ஒரு காலத்தில் பொத்தியவர்கள்தான்.

அண்ணன் அதுவரை தன் குவளையைத் தொடவில்லை. இப்போது எடுத்து, குடிக்காமல், மூக்கருகே வைத்து நெடுநேரம் முகர்ந்தார். "உங்கப்பாவக் கேளு" என்றார்.

ஊரில் அப்போது இரவு ஏழரை. தோழி அப்பாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். சாப்பிட உட்கார்ந்திருந்தவர், மகள் முன்னால் பீர் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு விஷயத்தைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தோல் வாடைன்னா எந்தத் தோலு? பச்சத் தோலா, சுண்ணாம்புல போட்டதா, ஆவாரம்பட்டையில ஊறுனதா? ஒவ்வொன்னும் ஒரு வாடைமா. நான் கண்ண மூடிட்டுச் சொல்லுவேன், எந்தத் தொட்டி, எத்தன நாளுன்னு."

தோழி குவளையை மறுபடி கையில் எடுத்தார். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. கண்ணை மூடி முகர்ந்தார்.

"பட்டைதான்ப்பா."

"எத்தன நாளு?"