காலைத் தட்டல்: பழுதா, இயல்பா?

காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உயிர் பெறுகிறது. கூடவே, உள்ளிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவது போல 'டக், டக்' என்று ஒரு சத்தம். வண்டி சூடேறியதும் அது தானாகவே அடங்கிவிடுகிறது. வண்டியோ புத்தம் புதியது. பயப்படலாமா, வேண்டாமா?

1999 முதல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் புதிய வி-8 எஞ்சின் கொண்ட பிக்கப் டிரக்குகளை வாங்கிய பலர் இதே கேள்வியைக் கேட்டார்கள். நிறுவனம் சொன்ன பதில் எளிமையானது: இது 'பிஸ்டன் ஸ்லாப்', எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை.

உரிமையாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தேய்ந்துபோன கிழட்டு எஞ்சினில் கேட்க வேண்டிய சத்தம் புது எஞ்சினில் ஏன் கேட்கிறது என்றது ஒரு கட்சி. வண்டியை விற்கும்போது வாங்குபவர் காது கொடுத்துக் கேட்டால் விலை என்ன ஆகும் என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. இதே சத்தத்தோடு லட்சம் மைல் தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை என்றது மறு கட்சி.

இதில் உள்ள விஷயம் இதுதான். அந்த டிரக்குகளில் பிஸ்டன் அலுமினியம், எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிர்ந்த நிலையில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே சற்று அதிக இடைவெளி விட்டே ஆக வேண்டும். எடையையும் உராய்வையும் குறைக்க பிஸ்டனின் அடிப்பாவாடையையும் குட்டையாக்கிவிட்டார்கள். எனவே அது லேசாக ஆடி சுவரில் மோதுகிறது. சூடானதும் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைகிறது, சத்தமும் போய்விடுகிறது.

ஆக, நிறுவனம் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் 'எல்லாம் இயல்பு' என்ற ஒற்றை வரியில் ஓர் ஆபத்து இருக்கிறது. கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்தாலும் தட்டல்தான் கேட்கும். அது சூடேறினால் அடங்காது. ஆயில் இளகுவதால் பெரும்பாலும் கூடும். பாரம் ஏற்றினால் இன்னும் கூடும். அப்படியே ஓட்டினால் ராடு உடைந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துவிடலாம். முதல் சத்தத்துக்குப் பழகிய காது இதையும் அலட்சியம் செய்துவிடும்.

ஆகவே சத்தம் எவ்வளவு பெரியது என்பதை விட, எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று பார்ப்பதே முக்கியம். குளிரில் வந்து சூட்டில் போனால் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு நிதானமாக மெக்கானிக்கிடம் காட்டலாம். சூட்டில் வளர்ந்தாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ, அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பாதி விவாதம் அன்றே முடிந்திருக்கும்.